மாற்று உறுப்பின் வரலாறு



மோட்டார் வண்டியின் முன்பலகைக்கு உள்ளே, காற்று செல்லும் குழாயின் ஓரத்தில், உள்ளங்கையில் அடங்கத்தக்க ஓர் உறுப்பு உண்டு. வண்டிக்குள் காற்றைச் செலுத்தும் விசிறியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது அது. மெக்கானிக்குகள் அதனைப் புளோயர் ரெகுலேட்டர் என்றும், ரெசிஸ்டர் என்றும் வழங்குவர். அது பழுதுற்றால் விசிறி மெதுவாகச் சுழல மறுக்கும். திருகியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினால் மட்டும் பேரிரைச்சலோடு சுழலும். அவ்வமயம் வண்டிக்குரியவர் உதிரி உறுப்புக் கடைக்குச் செல்கிறார். வண்டி செய்த கம்பெனியின் முத்திரை பதித்த உறுப்பு ஒரு விலை. வேறொரு தொழிற்சாலையில் செய்யப்பட்ட, அதே அளவும் அதே செருகியும் உடைய உறுப்பு அதனினும் குறைந்த விலை. அவர் பின்னதை வாங்கி வருகிறார். இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்துகிறார். விசிறி முன்போல் எல்லா வேகத்திலும் சுழல்கிறது.

இந்நிகழ்ச்சி நமக்கு மிக எளியதாகத் தோன்றுகிறது. ஆயின், நம் வண்டியைக் கண்ணாலும் காணாத ஒருவர் எங்கோ ஓரிடத்தில் செய்த உறுப்பு, நம் வண்டியில் மயிரிழையும் பிசகாமல் பொருந்துவது எங்ஙனம்? வண்டியைச் செய்தவர் அல்லாத பிறர் அதனைச் செய்து விற்கலாம் என்று வகுத்தவர் யார்? அதனை வாங்கிப் பொருத்தும் உரிமை வண்டிக்குரியவருக்கு எவ்வாறு வந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். அவ்விடையைத் தேடி நாம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சு தேசத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

அக்காலத்தில் துப்பாக்கி என்பது ஒவ்வொன்றும் தனித்தனியே பிறந்த பொருள். கைதேர்ந்த கொல்லர் ஒருவர் அதன் உறுப்புகளை அடித்தும் அராவியும் ஒன்றோடொன்று இசையச் செய்வார். ஆகவே, ஒரு துப்பாக்கியின் விசை மற்றொன்றில் பொருந்தாது. போர்க்களத்தில் சிறியதொரு வில் முறிந்துபோனாலும், கைவினைஞர் ஒருவர் அத்துப்பாக்கிக்கென்றே புதிதாக ஒன்றைச் செய்து தருமளவும் அது வெறும் இரும்பாகவே கிடக்கும். இக்குறையை உணர்ந்தவர் பிரெஞ்சுப் பீரங்கிப் படையின் தலைவராகிய கிரிபோவல். அவர் 1765 ஆம் ஆண்டு முதல் பீரங்கிகளையும் அவற்றின் வண்டிகளையும் ஒரே அளவினவாகச் செய்யும் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். அவருடைய ஆதரவில் ஆனோரே பிளாங் என்னும் துப்பாக்கி வினைஞர், துப்பாக்கியின் விசைப்பொறியையும் அம்முறையிலேயே செய்ய முற்பட்டார்.

அந்நாளில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தூதராகப் பாரிசில் இருந்தவர் தாமஸ் ஜெபர்சன். பின்னாளில் அந்நாட்டின் தலைவராக விளங்கிய அவர், 1785 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் நாட்டிற்கு ஒரு கடிதம் எழுதினார். பிளாங்கின் பட்டறையை நேரில் சென்று கண்ட செய்தி அதில் உள்ளது. ஐம்பது விசைப்பொறிகளின் உறுப்புகள் பிரிக்கப்பட்டு, தனித்தனி அறைகளில் குவிக்கப்பட்டிருந்தன. ஜெபர்சன் கைக்கு அகப்பட்ட உறுப்புகளை எடுத்துத் தாமே பல பொறிகளைக் கோத்துப் பார்த்தார். யாவும் செவ்வனே பொருந்தின. இதனால் படைக்கலங்களைப் பழுதுபார்ப்பது எத்துணை எளிதாகும் என்பதையே அவர் அக்கடிதத்தில் சிறப்பாகக் குறிப்பிட்டார்.

இங்கே மாணவர்கள் ஒன்றை மனத்தில் இருத்துதல் வேண்டும். ஒத்த அளவுடைய உறுப்புகளைச் செய்யும் முறை, மலிவாக உற்பத்தி செய்யும் பொருட்டுத் தோன்றியது என்று பலர் கருதுவர். தோன்றிய காலத்தில் அதன் முதற்பயன் பழுதுபார்த்தலே. பிளாங்கின் விசைப்பொறிகள் மலிவானவையாக இருந்தன என்பதைவிட, உடைந்தால் மீண்டும் உயிர்பெறக் கூடியவையாக இருந்தன என்பதே படைத்தலைவர்களைக் கவர்ந்தது. மலிவு என்னும் பயன் நெடுங்காலம் கழித்தே வந்தது.

ஜெபர்சன் கண்ட அக்கருத்து கடல் கடந்து அமெரிக்கா சென்றது. பருத்தி அரைக்கும் எந்திரத்தால் புகழ்பெற்ற எலி விட்னி, பதினாயிரம் துப்பாக்கிகள் செய்து தருவதாக 1798 ஆம் ஆண்டு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1801 ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புகளை மாற்றிப் பொருத்திக் காட்டினார். ஆதலால் ஒத்த உறுப்பு முறையின் தந்தை விட்னியே என்று பள்ளிப் புத்தகங்கள் பல காலம் எழுதி வந்தன. ஆனால், எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறக் கூடியனவாக இல்லை. இன்ன உறுப்பு இன்ன துப்பாக்கிக்குரியது என்று அடையாளக் குறிகளும் இடப்பட்டிருந்தன. இரண்டரை ஆண்டுகளுக்குள் முடிப்பதாகச் சொன்ன வேலையும் 1809 ஆம் ஆண்டில்தான் முடிந்தது. வரலாற்றில் ஒருவர் பெற்ற புகழையும் அவர் செய்த செயலையும் வெவ்வேறாக எடைபோடுதல் நலம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

விட்னி வாக்களித்ததை மெய்யாகச் செய்து முடித்தவர் ஜான் ஹால் என்பவர். அவர் 1819 ஆம் ஆண்டு முதல் ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊரிலிருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையில் பணியாற்றினார். உறுப்பு ஒவ்வொன்றையும் சோதிக்க அளவுமானிகள் பலவற்றைச் செய்துவைத்தார். தொழிலாளியின் கண் சரியென்று சொன்னால் போதாது. அளவுமானி சரியென்று சொல்லுதல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அதனினும் பெரியதொரு செயல் 1834 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பன்னூறு மைல்களுக்கு அப்பால், கனெக்டிகட் மாநிலத்தில், சைமியன் நார்த் என்பவருடைய தனியார் தொழிற்சாலையில் செய்த உறுப்புகளும் ஹார்ப்பர்ஸ் பெரியில் செய்த உறுப்புகளும் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தின. ஒரு பொருளின் உறுப்பை அப்பொருளைச் செய்தவரே செய்தல் வேண்டும் என்னும் கட்டு அன்று அறுந்தது. நம் முதல் வினாவின் விடை இதுவே. அளவு என்பது ஒருவருடைய கைத்திறனிலிருந்து பிரிந்து, எவரும் பின்பற்றத்தக்க எண்ணாக மாறியமையால், முன்பின் அறியாத இருவர் செய்த பொருள்களும் இணைகின்றன.

திருகாணியின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு புரியளவை வைத்திருந்தது. ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியியல் வல்லுநர் பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, அவற்றின் சராசரியைக் கண்டு, புரியின் கோணம் 55 பாகையாக இருத்தல் வேண்டும் என்று 1841 ஆம் ஆண்டு முன்மொழிந்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864 ஆம் ஆண்டு 60 பாகைக் கோணத்தை முன்மொழிந்தார். கோணத்தில் இருந்த அந்த ஐந்து பாகை வேறுபாடு, இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் எந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் பெருந்தொல்லை விளைத்தது. அதன் பின்னரே, 1948 ஆம் ஆண்டு, பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் பொதுவான ஒரு புரியளவுக்கு உடன்பட்டன.

இனி மோட்டார் வண்டிக்கு வருவோம். 1908 ஆம் ஆண்டு, லண்டனை அடுத்த புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில், பிரிட்டனின் அரச மோட்டார்க் கழகம் ஒரு சோதனை நடத்தியது. அமெரிக்காவில் ஹென்றி லேலண்ட் என்பாரின் மேற்பார்வையில் செய்யப்பட்ட காடிலாக் வண்டிகள் மூன்று கொண்டுவரப்பட்டன. ஒவ்வொரு வண்டியும் 721 உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்று வண்டிகளின் உறுப்புகளும் ஒரே குவியலாகக் கலக்கப்பட்டன. அதுவும் போதாதென்று, 89 உறுப்புகளை எடுத்துவிட்டு, அவற்றுக்கு ஈடாக விற்பனையாளரின் கிடங்கிலிருந்த உதிரி உறுப்புகள் வைக்கப்பட்டன. அரம் எடுத்து அராவலாகாது. திருகு முடுக்கியும் ஸ்பானரும் மட்டுமே கருவிகள். இவ்வாறு மீண்டும் கோக்கப்பட்ட மூன்று வண்டிகளும் 500 மைல் தொலைவு ஓடி முடித்தன. ஒரே வண்டியின் ஓர் உறுப்பு ஒரு நிறம், மற்றோர் உறுப்பு வேறொரு நிறம் என விளங்கிய அவ்வண்டிகளைக் கண்டோர் விகடர் வேடத்திற்கு ஒப்பிட்டனர். அவ்வேடிக்கைத் தோற்றமே அவ்வாண்டின் டேவார் பரிசைக் காடிலாக்கிற்குப் பெற்றுத் தந்தது.

அதே 1908 ஆம் ஆண்டு அக்டோபரில் ஹென்றி போர்டு தம் 'டி' மாதிரி வண்டியை வெளியிட்டார். 1913 ஆம் ஆண்டு ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் கோப்பு வரிசையை அமைத்தார். 1927 வரையில் ஒரே மாதிரியில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. முதலில் 850 டாலருக்கு விற்ற வண்டி, பின்னர் 300 டாலருக்கும் குறைந்த விலைக்கு இறங்கியது. படைக்கலச் சாலையில் பழுதுபார்த்தலுக்காகப் பிறந்த முறை, இங்கே மலிவுக்கு வழியாயிற்று.

ஒன்றரைக் கோடி வண்டிகள் ஒரே அளவில் ஓடும்போது, அவற்றில் தேயும் உறுப்புகளுக்கும் பெரியதொரு சந்தை தோன்றுதல் இயல்பேயன்றோ? சிகாகோ நகரில் லிதுவேனியாவிலிருந்து குடியேறிய ஒருவர் 1915 ஆம் ஆண்டு பழைய இரும்புக் கடை ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஜே.சி. விட்னி என்னும் பெயரில், அஞ்சல் வழியாக மோட்டார் உறுப்புகளை நாடெங்கும் அனுப்பும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1925 ஆம் ஆண்டு டெட்ராயிட் நகரில் சுதந்திர உறுப்பு வணிகர்கள் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தனர். வண்டி செய்தவர் அல்லாத பிறர் உறுப்புகளை விற்கும் தொழில் இவ்வாறு வேரூன்றியது.

இத்தொழில் சட்டத்தின் முன் சென்று நிற்காமல் இருக்குமா? நின்றது. 1961 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. மடக்கத்தக்க கூரையுடைய மோட்டார் வண்டிகளில் கூரைத் துணி சுமார் மூன்று ஆண்டுகளில் நைந்துபோகும். அதனைத் தாங்கும் சட்டங்களோ வண்டி உள்ளளவும் நிலைக்கும். ஆரோ என்னும் நிறுவனம் அத்துணியை மட்டும் அளவாக வெட்டித் தைத்து விற்றது. கூரையமைப்பு முழுவதற்கும் காப்புரிமை பெற்றிருந்தோர் அதனைத் தடுக்க வழக்குத் தொடுத்தனர். தேய்ந்துபோன ஓர் உறுப்பைத் தனியே மாற்றுவது பழுதுபார்த்தலே அன்றிப் புதிதாகப் பொருளைப் படைத்தலாகாது. அது பொருளுக்கு உரியவனின் உரிமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கிலாந்தில் 1986 ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை மற்றொரு வழக்கை விசாரித்தது. வண்டியின் புகைபோக்கிக் குழாய் துருப்பிடித்து, வண்டியின் வாழ்நாளில் பலமுறை மாற்றப்பட வேண்டியது. ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் நிறுவனம் பிரிட்டிஷ் லேலண்டு வண்டிகளின் குழாயை அளந்து, அதே வடிவில் செய்து விற்றது. குழாயின் வரைபடம் தங்களுடைய பதிப்புரிமைக்கு உட்பட்டது. ஆகவே அவ்வடிவில் பிறர் குழாய் செய்தலாகாது என்பது லேலண்டின் வாதம். வண்டியை விலைகொடுத்து வாங்கியவர் அதனைச் சிக்கனமாகப் பழுதுபார்க்கும் உரிமையையும் உடன் பெறுகிறார்; பதிப்புரிமையைக் கருவியாகக் கொண்டு அவ்வுரிமையைப் பறித்தலாகாது என்று பிரபுக்கள் சபை கூறியது. இவ்விரு தீர்ப்புகளையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று துணி, மற்றொன்று துருப்பிடித்த குழாய். இவற்றினும் எளிய பொருள்கள் உளவோ? ஆயினும், ஒரு பொருளை விற்றபின் விற்றவரின் அதிகாரம் எந்த எல்லையில் முடிகிறது என்னும் பெருவினா அவற்றின்மேல் நின்று தீர்க்கப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வினா எழுந்தது. மோட்டார் கம்பெனிகள் தம் உதிரி உறுப்புகளையும், பழுதறியும் கருவிகளையும் தம் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்கு அன்றிப் பிறருக்குத் தருவதில்லை என்னும் முறையீட்டை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று அது வழங்கிய ஆணையில், 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; உறுப்புகளும் கருவிகளும் சுதந்திரப் பட்டறைகளுக்கும் கிடைத்தல் வேண்டும் என்று பணித்தது. அவ்வாணையின்மேல் முறையீடுகள் தொடர்ந்தன எனினும், தெருமுனைப் பட்டறையும் தொழில் செய்ய உரிமையுடையது என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதே கொள்கையை 2012 ஆம் ஆண்டு மக்கள் பெரும்பான்மை வாக்கினால் நிலைநாட்டினர். நம் மத்திய அரசாங்கம் 2022 ஆம் ஆண்டு பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வண்டிகளும் அதன் ஆய்வுக்கு உட்பட்டவை.

இரண்டாம் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் விடை கண்டோம். இனி, நாம் தொடங்கிய அச்சிறு உறுப்புக்குத் திரும்புவோம். அது வேலை செய்யும் முறையை அறிந்தால்தான், மலிவான மாற்று உறுப்பை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பது விளங்கும்.

முற்கால மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் திறந்த வண்டிகள். உள்ளே காற்றுச் செலுத்த வேண்டிய தேவையே எழவில்லை. மூடிய வண்டிகள் பெருகியபின் குளிர்நாட்டார் என்ஜினின் வெப்பத்தை உள்ளே கொணர முயன்றனர். 1938 ஆம் ஆண்டு மாதிரியில் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றை உள்ளிழுத்து, வெப்பமூட்டி, விசிறியால் செலுத்தும் அமைப்பை வெளியிட்டது. 1954 ஆம் ஆண்டு அதே கம்பெனி வெப்பமூட்டுதலையும் குளிரூட்டுதலையும் ஓரமைப்பாக முன்பகுதியிலேயே இணைத்தது. இவை யாவற்றிலும் விசிறியே நடுநாயகம்.

அவ்விசிறியின் வேகத்தைக் குறைப்பது எங்ஙனம்? நம் இல்லங்களில் சுவரில் பொருத்தியிருந்த பழைய பெட்டி ரெகுலேட்டரை உங்கள் பெற்றோர் அறிவர். அதனுள் மின்தடைக் கம்பிச் சுருள்கள் இருந்தன, தொட்டால் சுடும். மோட்டார் வண்டியின் பழைய முறை ரெகுலேட்டரும் அத்தகையதே. ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827 ஆம் ஆண்டு வெளியிட்ட விதி அதனுள் வேலை செய்கிறது. வண்டியின் பாட்டரி 12 வோல்ட் எனவும், தடை 1 ஓம் எனவும், மெதுவான வேகத்தில் ஓடும் மின்னோட்டம் 6 ஆம்பியர் எனவும் கொள்வோம். தடையில் 6 வோல்ட் குறைந்துவிடும். மோட்டாருக்கு எஞ்சுவது 6 வோல்ட். விசிறி மெதுவாகச் சுழலும். ஆனால், குறைந்த அம்மின்னாற்றல் எங்கே சென்றது? வெப்பமாயிற்று. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்று ஜூல் 1841 ஆம் ஆண்டு கண்டறிந்தார். அதன்படி 36 வாட். பழைய 40 வாட் குண்டு பல்பின் சூட்டை நினைவிற் கொள்க. அதனால்தான் அவ்வுறுப்பைக் காற்றுக் குழாயின் நடுவே வைத்துள்ளனர். தான் ஓடச் செய்யும் விசிறியின் காற்றாலேயே அது குளிர்கிறது.

இப்பொழுது பழுதின் அடையாளமும் விளங்கும். சூடு மிகுந்தால் உறுப்பிலுள்ள பாதுகாப்பு இணைப்பு உருகிவிடும். தடையின் வழி அடைபட்டு, மெதுவான வேகங்கள் அனைத்தும் நின்றுவிடும். உச்ச வேகத்தில் மட்டும் மின்சாரம் தடையைத் தொடாமல் நேரே மோட்டாருக்குச் செல்வதால் விசிறி சுழலும். பிற்கால வண்டிகள் பலவற்றில் கம்பிச் சுருளுக்கு ஈடாக மின்னணு உறுப்பு வந்துவிட்டது. அது மின்சாரத்தை நொடியில் பலமுறை விட்டுவிட்டுச் செலுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தும், வெப்பம் குறைவு, எனினும் அதற்கும் குளிர்ச்சி தேவை.

சிந்தித்துச் செயற்பட வேண்டிய இடம் இதுவே. பழுதுற்ற ரெகுலேட்டரைக் கண்டதும் புதியதைப் பொருத்திவிட்டு ஓய்ந்துவிடுவோர் பலர். சில திங்களில் அதுவும் கருகிவிடும். மலிவுப் பொருள் என்று அதனைப் பழிப்பர். குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். மோட்டாரின் அச்சு தேய்ந்து இறுகினால் அது மிகுதியான மின்சாரத்தை இழுக்கும். முன்சொன்ன 6 ஆம்பியர் 8 ஆயிற்று என்று கொள்வோம். வெப்பம் 36 வாட்டிலிருந்து 64 வாட்டாக உயர்ந்துவிடும். மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் வெப்பம் ஏறத்தாழ இருமடங்காகிறது. காற்று வடிகட்டியில் தூசும் சருகும் அடைத்துக்கொண்டால் உறுப்பைக் குளிர்விக்கும் காற்றும் குறையும். செருகியின் முனை கருகியிருந்தால் அங்கும் சூடு பிறக்கும். ஆகவே விசிறியைக் கையால் சுழற்றிப் பார்த்து, வடிகட்டியைத் துப்புரவு செய்து, செருகியைச் சோதித்த பின்னரே புதிய உறுப்பைப் பொருத்துதல் முறை. பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. தடையுறுப்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் கம்பியால் நேரே இணைத்தல் எஞ்ஞான்றும் கூடாது. அது தீயை அழைத்தலாகும்.

உறுப்பை வாங்கும்போது எதனை நோக்குவது? வண்டியின் மாதிரி, ஆண்டு, பழைய உறுப்பில் பொறித்த எண், செருகியின் முனைகள் ஆகிய நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். அடுத்து, செய்தவர் தம் பெயரைத் துணிந்து பொறித்திருக்கிறாரா என்று காண்க. மாற்று உறுப்பு வேறு. போலி உறுப்பு வேறு. மாற்று உறுப்பு, 'என்னைச் செய்தவர் இன்னார்' என்று தன் பெயரைச் சொல்லும். போலி உறுப்பு பிறர் பெயரைத் திருடி அணிந்துகொள்ளும். முன்னது ஹாலும் நார்த்தும் காட்டிய நெறியின் வழிவந்தது. பின்னது அந்நெறிக்குப் பகை. தடுப்புக் கருவி, திசைதிருப்பும் அமைப்பு போன்ற உயிர்காக்கும் உறுப்புகளில் இவ்வேறுபாட்டை மறந்தவர் பெருந்துன்பத்திற்கு ஆளாவர்.

கம்பெனியின் முத்திரை இருந்தால் அதனை அக்கம்பெனியே செய்தது என்று கருதுதலும் பிழை. மோட்டார் வண்டியின் மின்கருவிகளும் பிறவும் தனித்த உறுப்புத் தொழிற்சாலைகளில் செய்யப்படுவனவே மிகுதி. சென்னையை அடுத்த பாடியில் 1961 ஆம் ஆண்டு தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, பல கம்பெனிகளின் வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் முதலிய மின்கருவிகளைச் செய்து வழங்குவது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பும் பணியைத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலையொன்று 1990களில் ஏற்றுச் சிறப்பாக நடத்தியதும் பலர் அறிந்த செய்தி. அத்தகைய தொழிற்சாலை தன் பெயரிலேயே சந்தையில் விற்கும் உறுப்பு, முத்திரை பதித்த உறுப்பினும் விலை குறைந்து, தரத்தில் அதற்கு இணையாக இருத்தல் கூடும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கடைகளில் இத்தகைய உறுப்புகளை விசாரித்து வாங்குவோர் விலையை மட்டுமன்று, செய்தவர் பெயரையும் கேட்டு வாங்குவர்.

இளைஞர்களே! இவ்வரலாற்றினால் நாம் அறியத்தக்கது யாது? வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு, கோடைக்காலத்தில் விசிறி நின்றுபோன வண்டி ஒரு நாள் வருவாய் இழந்த வண்டி. அவருக்கு நான்கில் ஒரு பங்கு விலையில் தரமான உறுப்பொன்று கிடைக்குமாயின், அஃது அவர் குடும்பத்தின் அடுப்பைத் தொடும் செய்தி. பழுதுபார்க்கும் வழிகள் யாவும் அடைபட்டு, சிறியதோர் உறுப்புக்காகப் பெரியதொரு பாகத்தையே மாற்றுமாறு வற்புறுத்தப்படும் நாட்டில், ஏழையின் பொருள் விரைவில் குப்பையாகும். இன்றைய வண்டிகளில் கணிப்பொறி நிரல்கள் உறுப்புகளோடு பின்னிக் கிடக்கின்றன. புதிய உறுப்பைப் பொருத்தினாலும், கம்பெனியின் நிரல் ஏற்றால்தான் சில உறுப்புகள் இயங்கும். துணிக்கும் குழாய்க்கும் கிடைத்த நீதி நிரலுக்கும் கிடைக்குமா என்பது உங்கள் தலைமுறை விடை காண வேண்டிய வினா.

அதற்கு விடை காண விரும்புவோர் சட்டமும் கற்றல் வேண்டும். ஓம் விதியும் கற்றல் வேண்டும். உறுப்பு எங்ஙனம் இயங்குகிறது என்பதை அறியாதவர், அதனை மாற்றும் உரிமைக்காக வாதிட முடியாது. ஒரு பட்டறையில் குவிந்திருந்த ஐம்பது பொறிகளின் உறுப்புகளைத் தம் கையாலேயே எடுத்துக் கோத்துப் பார்த்தார் ஒரு தூதர். பிறர் சொல்லக் கேட்டு அவர் அமைதியுறவில்லை. உங்கள் வீட்டில் அடுத்த முறை ஒரு பொருள் பழுதுறும்போது, பெரியவர்களின் துணையோடு, மின்னிணைப்பை நீக்கிவிட்டு, அதனைத் திறந்து பாருங்கள். எந்த உறுப்பு கெட்டது, ஏன் கெட்டது, அதனைச் செய்தவர் யார் என்று மூன்று வினாக்களை எழுப்புங்கள். விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.